மூணு தட்டு

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மருந்துக்கடைக்காரர் ஜனவரியில குடுத்த டைரி இது. ஏழு மாசமா பிரிட்ஜ் மேல தூசி தின்னுக்கிட்டுக் கிடந்துச்சு. இன்னையில இருந்து எழுதறேன். எல்லாம் ஜாஃபரால வந்த வினை. போன படத்துல நாலாவது ரீல்ல கதாநாயகிக்கு எந்தச் செருப்பு போட்டு நடந்தேன்னு மறந்துபோய் அஞ்சாவது ரீல்ல வேற செருப்பு போட்டுட்டேன். "அண்ணே, அந்தப் பொண்ணு ரூமுக்குள்ள போறப்ப ஹீல்ஸ், வெளிய வர்றப்ப ரப்பர் செருப்பு. இனிமே எழுதி வைங்க"ன்னான். ரிக்கார்டிங் இன்ஜினியர் சொன்னா கேக்கணுமாம். இருபது வருஷம் முன்னாடி எனக்கு மைக் பிடிச்சவன்.

எதிர் வீட்டுக்குப் புதுசா வந்தவர் காலைல கேட்டாரு, "சார் சினிமாவுல என்னவா இருக்கீங்க?" "நடக்கறேன்"னேன். நடிக்கறேன்னு காதுல விழுந்திருக்கும்போல, மேலயும் கீழயும் பார்த்தாரு. அப்புறம் விளக்கினேன். ஷூட்டிங்ல எடுத்த சத்தம் பாதி உதவாது. ஹீரோ நடந்தாலும், ஹீரோயின் புடவை சரசரத்தாலும், வில்லன் கன்னத்துல அறை விழுந்தாலும், ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டே மைக் முன்னாடி அந்தச் சத்தத்தைப் பண்றது நான். எஃபெக்ட்ஸ்னு பேரு. முப்பத்தேழு வருஷமா சாலிகிராமத்துல இதுதான் சோறு.

சரி, குறிப்பு. படம் பேரு 'கீழ்வீடு'. பேய்ப் படம். டைரக்டர் குகன், முதல் படம், முப்பது வயசுக்குள்ள. ரீல் ஒண்ணு முடிஞ்சுது. கதாநாயகிக்குத் தோல் செருப்பு, மாடிப்படிக்கு மரப்பலகை.

சாயங்காலம் ஏழு மணிக்கு மக ரெஜி போன். திருச்சியில டீச்சரா இருக்கா. அவங்கம்மா போனதுல இருந்து ஒரு நாள் தவறாம ஏழு மணிக்குக் கூப்பிடறா. மாத்திரை போட்டியா, மீன் சாப்பிட்டியா, சட்டையை அயர்ன் பண்ணியா. வகுப்புல இருக்கிற நாப்பது பிள்ளைங்களோட நானும் ஒண்ணு.

ஆகஸ்ட் 6, புதன்

ரீல் ரெண்டு. மழைக்காட்சி. பாதி நாள் அலுமினியச் சட்டியில அரிசியைக் கொட்டினேன். கை வலி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தண்ணி லாரி வரல.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்னைக்குப் பேய் வந்துச்சு, அதாவது ரீல் அஞ்சுல. அதைப் பார்த்துச் சிரிச்ச சிரிப்புல எனக்கு இருமலே வந்திடுச்சு.

கதை இதுதான். கல்யாணம் ஆன புதுசுல ஒரு ஜோடி, பழைய வீட்டு மாடியில வாடகைக்கு வர்றாங்க. கீழ் வீட்டுல இருந்த வீட்டுக்கார அம்மா யாரும் கவனிக்காம செத்துப்போனவங்க. அந்த அம்மா நடமாடுது. பேய்க்கு வேஷம் போட்ட பொண்ணுக்கு மூஞ்சி பூரா மைதா மாவு மாதிரி பவுடர், இடுப்பு வரைக்கும் டோப்பா. டீ கொண்டுவர்ற அம்மா தட்டோட நின்னு பார்த்துட்டு, "ஐயே, எங்க தெருவுல ஆடி மாசம் கூழ் ஊத்தறப்ப வேஷம் கட்டறவன் இதைவிட நல்லா பயமுறுத்துவான்"னாங்க. ஜாஃபர் கன்சோல் மேல கவுந்துட்டான்.

குகன் சிரிக்கல. முகம் செத்துப்போச்சு. ஊர்ல இருந்த ஒரே வீட்டை வித்து அவங்கப்பா இந்தப் படத்துல போட்டிருக்காராம். ஜாஃபர் அப்புறம் சொன்னான். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. சிரிச்சிருக்கக்கூடாது.

ஆகஸ்ட் 13, புதன்

குகன் காலைல வந்தான். ராத்திரி பூரா யோசிச்சானாம். "சார், பேயைத் தூக்கிட்டேன். எல்லா ஷாட்லயும் வெட்டிட்டேன்."

"பேய் இல்லாம பேய்ப் படமா?"

"கீழ் வீட்டு நடைவழி மட்டும் காலியா இருக்கு சார். கேமரா அப்படியே நிக்குது, நாப்பது செகண்டு. அந்த மாதிரி ஏழு இடம். அந்த அம்மா இருக்காங்கன்னு சத்தத்துலதான் தெரியணும்."

அதாவது அவன் கோட்டை விட்டதை நான் பிடிக்கணும். எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை ஏன் காயணும்? சொல்ல வாய் வந்துச்சு, அவன் மூஞ்சியைப் பார்த்து விழுங்கிட்டேன்.

கொலுசு போட்டுப் பார்த்தேன். "எல்லாப் படத்துலயும் வருது சார்." கதவுக் கீல். "வேணாம் சார்." ஈரக் காலோட தரையில நடந்தேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "யாரோ நடக்கற மாதிரி இருக்கு. அந்த அம்மா நடக்கற மாதிரி இல்ல"ன்னான். பொடிப்பயலா இருந்தாலும் காது இருக்கு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. மாதா விண்ணேற்புத் திருநாள். கோயிலுக்குப் போகல. முழங்கால் வலின்னு ரெஜிகிட்ட சொன்னேன். "அம்மா போனதுல இருந்து உனக்கு ஞாயித்துக்கிழமைதோறும் முழங்கால் வலிக்குது"ன்னு குத்தினா. அவளுக்கு அவங்கம்மா வாய்.

வாய்னு எழுதினதும் ஞாபகம் வருது. என் சம்சாரம் லூர்துக்குக் கடைசி ரெண்டு வருஷம் பேச்சே கிடையாது. பக்கவாதம். இடது கை, இடது கால், பேச்சு மூணும் போச்சு. ரெஜி மூணு மாசம் லீவு போட்டு வந்து பார்த்துக்கிட்டா. அவதான் அந்த ஏற்பாட்டைப் பண்ணினா. "அம்மா, ஏதாவது வேணும்னா மோதிரத்தால சுவத்துல மூணு தட்டு தட்டு, அப்பா வந்திடுவார்." அப்புறம் அவ லீவு முடிஞ்சு போயிட்டா. மிச்சம் நானும் லூர்தும்.

போன வருஷம் ஜூன் பதினாலு, வெள்ளிக்கிழமை, மத்தியானம் போனா. நான் ஹால்ல தூங்கிட்டிருந்தேன். எந்திரிச்சுப் பார்த்தா நடையில சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், எதுக்கு எழுதறேன்னு தெரியல.

இப்பல்லாம் மத்தியானம் படுக்கறதில்ல. ரேடியோ போட்டுக்கறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வேலை முடிஞ்சுது. ஒரே டேக்.

வீட்டுல இருந்து ரெண்டு சாமான் எடுத்துட்டுப் போனேன். லூர்தோட ரப்பர் செருப்பு, இடதுகால் முனை தேய்ஞ்சு ஓட்டையானது. அப்புறம் அவ மோதிரம். ஜாஃபர்கிட்ட ஒண்ணும் சொல்லல. சிமெண்ட் தரைப் பலகையைப் போடச் சொன்னேன். பக்கத்துல செங்கல் வச்சுப் பூசின பலகை ஒண்ணு உண்டு, சுவத்துல முட்டற சத்தத்துக்கு, அதை நிறுத்தச் சொன்னேன். ஸ்கிரீன்ல காலி நடைவழி.

வலது கால் ஊணி ஒரு அடி. இடது கால் இழுத்து ஒரு அடி. நடுவுல மூச்சு. ஊணி, இழுத்து. கை சுவத்தைத் தடவிக்கிட்டே வரணும், அது இல்லாட்டி நடையே இல்ல. ஆறு அடி வந்துச்சு. ஏழாவது அடி ஊணிச்சு, இழுக்கல. நின்னுடுச்சு. அப்புறம் மோதிரத்தால மூணு தட்டு. கொஞ்ச நேரம் சும்மா. மறுபடியும் மூணு, முன்னதைவிட மெதுவா. அவ்வளவுதான்.

நிமிர்ந்து பார்த்தா ஜாஃபர் ஹெட்போனைக் கழட்டிக் கையில வச்சிருக்கான். டீ அம்மா வாசல்ல நின்னவங்க தட்டைக் கீழ வச்சுட்டுப் போயிட்டாங்க.

குகன்தான் பேசினான். "எதுக்கு சார் தட்டறாங்க? ஸ்கிரிப்ட்ல இல்லையே."

"கூப்பிடறா."

"யாரை?"

"வீட்டுல இருக்கிறவங்களை."

"வந்தாங்களா?"

"வந்திருந்தா எதுக்குப்பா பேயா வர்றா?"

அவன் நோட்டுல எழுதிக்கிட்டான். எல்லாத்தையும் எழுதிக்குவான்.

ஏழு இடத்துக்கும் இதையே கொஞ்சம் கொஞ்சமா வச்சுக்கலாம்னு முடிவு. முதல்ல நடை மட்டும், கடைசி ரெண்டு இடத்துல தட்டறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காஸ் சிலிண்டர் வந்துச்சு. டீ அம்மா அந்த ரூமுக்குள்ள தனியா வரமாட்டேங்கறாங்க. வாசல்ல நின்னு, "அண்ணே, டீ"ன்னு கூப்பிடறாங்க. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்குள்ள கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்வானேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

"இப்ப என்ன படம் பண்ற?"ன்னா ரெஜி. பேய்ப் படம்னேன். "ஐயோ, அதை மட்டும் நான் பார்க்கமாட்டேன்பா." என் பேரு வர்ற எல்லாப் படத்தையும் பார்த்துடுவா, பேரு வர்ற வரைக்கும் உக்காந்திருந்து மாப்பிள்ளையையும் எந்திரிக்க விடமாட்டா. பேய்ப் படம்னா மட்டும் ஆகாது. பத்து வயசுல எவனோ டிவியில போட்ட படத்தைப் பார்த்துட்டு ஒரு வாரம் அவங்கம்மா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுத் திரிஞ்சவ.

நல்லதுன்னு நினைச்சேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மிக்ஸிங், எல்லாச் சத்தத்தையும் ஒண்ணாச் சேர்க்கற வேலை. இன்னைக்கு நடந்ததைச் சரியா எழுதணும்.

போன வாரமே எனக்கு மனசு கேக்கல. ஜாஃபர்கிட்ட போய், "அந்தத் தட்டற சத்தம் வேணாம், நடை மட்டும் இருக்கட்டும்"னேன். அவன் ஏன் எதுக்குன்னு கேக்கல. நல்லவன். "சரிண்ணே, புதுசா ஒண்ணு பண்ணிக் குடுங்க, குகன்கிட்ட நான் பேசிக்கறேன்"னான். பண்ணிக் குடுத்தேன். நடந்து வந்து, நின்னு, கதவு லேசா ஆடுது. தட்டு கிடையாது.

இன்னைக்கு ரெண்டையும் போட்டுக் காட்டினான். முதல்ல புதுசு. நல்லாத்தான் இருந்துச்சு. குகன் ஜாஃபர் பக்கம் திரும்பினான். "சார் எது சொல்றாரோ அதை வச்சுக்கலாம்ணே. அவர் பண்ணின சத்தம்தானே"ன்னான். முடிவை என் கையில குடுத்துட்டான். பழசை எடுத்துடுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சு.

பழசைப் போட்டான். ஏழாவது அடி ஊணிச்சு, இழுக்கல. மூணு தட்டு. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. முப்பத்தேழு வருஷத்துல நான் பண்ணினதுலேயே நல்ல வேலை அதுதான். இன்னொருத்தன் பண்ணியிருந்தா அவன் கையைப் பிடிச்சுக் கும்பிட்டிருப்பேன். அதைத் தூக்கிப் போட்டுட்டு அந்தக் கதவு ஆடறதை வைக்கச் சொல்ல எனக்கு வாய் வரல.

"பழசையே வை"ன்னுட்டேன்.

ரெஜி பேய்ப் படம் பார்க்கமாட்டா. ஆட்டோவுல வர்றப்ப இதையே சொல்லிக்கிட்டு வந்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

பிரிவியூ. விநியோகஸ்தர்னு ஏழெட்டுப் பேர். ஆரம்பத்துல போனை நோண்டிக்கிட்டு இருந்தாங்க. கடைசிக் காட்சியில எவனும் போனைத் தொடல. இண்டர்வெல்ல முறுக்கு கடிச்சுக்கிட்டிருந்த ஒருத்தர் கடைசி அரைமணி அந்தப் பொட்டலத்தை மடியில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு. வெளிய வந்து என் கையைப் பிடிச்சு, "எங்கம்மா கடைசியில இப்படித்தான் நடந்தாங்க சார்"னாரு.

நான் பாத்ரூம் போறேன்னு வந்துட்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

படம் ரிலீஸ். தீபாவளிக்குப் பெரிய படங்கள் வர்றதுக்குள்ள பத்து நாள் கிடைச்சிருக்கு. காலைக் காட்சிக்குப் பதினெட்டுப் பேர்னு குகன் போன் பண்ணினான். அழுதுடுவான்போல இருந்துச்சு. "சினிமான்னா அப்படித்தான்பா, சாப்பிட்டியா?"ன்னேன்.

இங்க வஞ்சிர மீன் விலை கேட்டா மீனே வாயைப் பிளக்குது. சங்கரா வாங்கினேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

என்ன நடக்குதுன்னே புரியல. ஞாயித்துக்கிழமை சாயங்காலக் காட்சி ஃபுல். நேத்துத் திங்கக்கிழமையும் ஃபுல். பாக்குறவன் இன்னொருத்தனை இழுத்துட்டு வர்றான். "பேயே வரல, ஆனா பயந்து செத்தோம்"னு பேச்சு. மருந்துக்கடைக்காரர், "சார், அந்தச் சத்தம் நீங்களாமே? என் சம்சாரம் ரெண்டு நாளா பாத்ரூமுக்குத் தனியா போகமாட்டேங்கறா"ன்னு சொல்லி, சர்க்கரை மாத்திரைக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் தள்ளுபடி போட்டாரு.

அதோட விட்டானுங்களா. சுவத்துல மூணு தட்டு தட்டி வீட்டுல இருக்கிறவங்களைப் பயமுறுத்தி அதைப் போன்ல எடுத்துப் போடறானுங்க. ஒருத்தன் ஆரம்பிச்சான், இப்ப ஊரே தட்டுது. பக்கத்துப் பிளாட்ல யாரோ இன்னைக்கு மத்தியானம் தட்டினாங்க. நான் சோறு வடிச்சுக்கிட்டிருந்தேன். பானையைக் கீழ போட்டுட்டேன். கால்ல கஞ்சி கொட்டிடுச்சு. மருந்து போட்டிருக்கேன்.

ரெஜிகிட்ட கால் விஷயம் சொல்லல.

அக்டோபர் 16, வியாழன்

ரெஜி சிரிச்சுக்கிட்டே ஆரம்பிச்சா. "அப்பா, உன் படத்தால எனக்குத் தொல்லை. ஏழாம் வகுப்பு பூரா டெஸ்க்ல மூணு தட்டு தட்டுதுங்க. கரும்பலகைப் பக்கம் திரும்பினா போதும், டொக் டொக் டொக். என்னடா இதுன்னு கேட்டா 'கீழ்வீடு' மிஸ்ங்கறாங்க."

நான் ஏதோ சொல்லி வச்சேன்.

அப்புறம் அவ குரல் கொஞ்சம் மாறுச்சு. "மூணு தட்டு உன் யோசனையாப்பா? அம்மாவோடதுல இருந்து எடுத்தியா?"

"ஆமா. சும்மா தோணுச்சு."

"பார்க்கணும்பா. பயமா இருந்தாலும் பரவாயில்ல. அம்மாவை நினைச்சு நீ பண்ணியிருக்க, நான் பார்க்காம இருக்கலாமா?"

படம் கண்றாவியா இருக்கு, ரத்தம், அது இதுன்னு அளந்தேன். உனக்குத் தூக்கம் வராது, மாப்பிள்ளை என்னைத் திட்டுவார்னேன். "ரத்தமே இல்லைன்னுதானேப்பா எல்லாரும் சொல்றாங்க"ன்னா. டீச்சர்கிட்ட பொய் சொன்னா இப்படித்தான் மாட்டணும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எதிர் வீட்டுக்காரர் அதிரசம் குடுத்தாரு. பெரிய படங்கள் வந்தும் 'கீழ்வீடு' தூக்கலையாம். குகன் அவங்கப்பாவைக் கூட்டிட்டு வந்து, வேட்டி சட்டை வச்சுக் குடுத்து என் கால்ல விழப்போனான். பிடிச்சு நிறுத்தினேன். அவங்கப்பா என்னையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. போறப்ப, "வீட்டம்மா இல்லீங்களா?"ன்னாரு. இல்லைன்னேன்.

அக்டோபர் 25, சனி

ஏழு மணிக்குப் போன் வரல. எட்டரைக்கு நானே கூப்பிட்டேன். எடுக்கல. படத்துக்குப் போயிருப்பா.

அக்டோபர் 26, ஞாயிறு

போன் வரல.

அக்டோபர் 27, திங்கள்

போன் வரல. ரீல் ரெண்டு, புதுப் படம், காமெடி. பத்து தடவை வழுக்கி விழுந்தேன். ஜாஃபர், "அண்ணே, உடம்பு சரியில்லையா?"ன்னான்.

அக்டோபர் 29, புதன்

மாப்பிள்ளை அமலன் எடுத்தாரு. "தலைவலின்னு படுத்திருக்கா மாமா. ஸ்கூலுக்கும் ரெண்டு நாளா போகல. படம் பார்த்ததுல இருந்து ஒரு மாதிரி இருக்கா. எதுவும் சொல்லமாட்டேங்கறா. பயந்துட்டாளோ என்னவோ. மந்திரிச்சு விடலாம்னு எங்கம்மா சொல்றாங்க." நல்ல மனுஷன். மந்திரிக்க வேண்டியது யாரைன்னு தெரியாத மனுஷன்.

கல்லறைத் திருநாளுக்கு அவ மட்டும் சென்னைக்கு வர்றாளாம். அதையும் அவர்தான் சொன்னாரு.

நவம்பர் 1, சனி

மத்தியான ரயில்ல வந்தா. எழும்பூருக்குப் போயிருந்தேன். பையை நான் வாங்கப் போனேன், "பரவாயில்ல, நீங்க விடுங்க"ன்னா. பொறந்ததுல இருந்து என்னை 'நீ'ன்னே கூப்பிட்டவ.

சாயங்காலம் ரெண்டு பேரும் கல்லறையைச் சுத்தம் பண்ணினோம். அவ கழுவினா, நான் தண்ணி எடுத்துக் குடுத்தேன். சுண்ணாம்பு அடிக்கிற ஆளுக்குக் கூட்டம், நாளைக்குக் காலைல வர்றேன்னான். பூக்காரிகிட்ட பேசினா, மெழுகுவத்திக்காரர்கிட்ட பேசினா. என்கிட்ட பேசல.

எப்ப கேப்பான்னு காத்துக்கிட்டு இருக்கறதுதான் தாங்கல. ஒரே போடா போட்டுடக்கூடாதான்னு இருக்கு.

நவம்பர் 2, ஞாயிறு

கேட்டுட்டா.

காலைல கல்லறை மந்திரிப்பு முடிஞ்சு வீட்டுக்கு வந்தோம். பங்குச் சாமியார் கல்லறைகளுக்கு நடுவுல வந்து தண்ணி தெளிச்சப்ப நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்து உப்புமா கிண்டினா. தட்டை எனக்கு முன்னாடி வச்சுட்டு, எதிர்ல உக்காந்தா. அவளுக்குத் தட்டு வச்சுக்கல.

"அம்மா ஸ்ட்ரோக் வந்த பிறகு நடந்த நடை எனக்குத் தெரியும். மூணு மாசம் கேட்டிருக்கேன். படத்துல அது அப்படியே இருக்கு. அதுக்கு நான் அழுதேன், சந்தோஷமாவும் இருந்துச்சு. ஆனா அம்மா நடக்க ஆரம்பிச்சா கட்டில் வர்ற வரைக்கும் நிக்கமாட்டாங்க. நின்னா விழுந்துடுவோம்னு பயம். நடுவுல நிக்கிறதும், நின்ன இடத்துல இருந்து தட்டறதும், ரெண்டாவது தடவை சத்தம் குறையறதும் நான் ஒரு நாளும் கேட்டதில்ல. நீங்க எப்பக் கேட்டீங்க?"

'சும்மா தோணுச்சு, கற்பனை'ன்னு சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச கதைதான். உப்புமாத் தட்டுல ஒரு பூசணிக்காய்க்கு ஏது இடம். சொல்லிட்டேன்.

லூர்து போறதுக்கு முதல் நாள் ராத்திரி மூணு தடவை படுக்கை நனைஞ்சு மூணு தடவை விரிப்பு மாத்தினேன். காலைல இருந்து பதினோரு தடவை தட்டிட்டா. போனா சைகை காட்டுவா, ஃபேனைக் கூட்டு, ஃபேனைக் குறை, திரையை இழு, ஒண்ணும் இல்ல சும்மா. மத்தியானம் சோறு ஊட்டிட்டு அப்பத்தான் ஹால்ல பாயில சாஞ்சேன். நடையில அவ நடந்து வர்ற சத்தம் கேட்டுச்சு. பாத்ரூமுக்குப் போறான்னு நினைச்சேன். நின்னுச்சு. தட்டினா. எனக்கு எரிச்சல். அஞ்சு நிமிஷம் கண்ணை மூட விடமாட்டாளான்னு இருந்துச்சு. "இரு லூர்து, வர்றேன்"னு சத்தமாச் சொன்னேன். சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிட்டேன்.

"தூங்கிட்டீங்களா?"

"இல்ல."

ரெஜி என் தட்டை ஓரமா நகர்த்தி வச்சா.

"படத்துல ரெண்டு தடவை தட்டறாங்க. நிஜத்துல எத்தனை?"

"அஞ்சு."

"ஏன் ரெண்டா வச்சீங்க?"

"படத்துல அவ்வளவு நீளம் தாங்காது."

என் வாயில இருந்து அதுதான் வந்துச்சு. அது உண்மைதான். குகன் நாப்பது செகண்டுதான் குடுத்தான். ஆனா அப்பன் மகளுக்குச் சொல்ற பதிலா அது? சொன்னப்புறம் நாக்கைக் கடிச்சு என்ன பிரயோஜனம்.

எவ்வளவு நேரம் கழிச்சு எந்திரிச்சீங்கன்னா. அரைமணிக்கு மேல இருக்கும்னேன். நான் போய்த் தொட்டப்ப உடம்புல சூடு இருந்துச்சு. உடனே போயிருந்தா பிழைச்சிருப்பாளான்னு டாக்டர்கிட்ட நான் கேக்கல. கேட்டா அவர் என்ன சொல்லிடுவாரோன்னு பயம். அதையும் சொன்னேன்.

திட்டுவான்னு நினைச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அழவும் இல்ல. "அந்த ஏற்பாட்டை நான்தானே பண்ணினேன். தட்டு, அப்பா வருவார்னு சொல்லிட்டு நான் ரயில் ஏறிட்டேன். வேலை பெரிசுன்னு போனேன். நான் இருந்திருக்கணும்"னா. மெதுவாச் சொன்னா, வேற யாரையோ பத்திப் பேசற மாதிரி. ஒன்றரை வருஷமா இதை உள்ளேயே வச்சிருந்திருக்கா. அதுக்குத்தான் தினம் ஏழு மணிக்குப் போன் போல. நான் மாத்திரை போட்டேனான்னு கேக்கறதா நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

இது எனக்குத் தாங்கல. லூர்து விஷயத்துல நான் பண்ணினது ஒரு பாவம்னா, தூங்கிட்டேன்னு சொல்லி என்னைக் காப்பாத்திக்கிட்டு, குத்தம் பூராவையும் இந்தப் பொண்ணு தலையில ஏத்தி விட்டிருக்கேன். எனக்கு அது தெரியவே இல்ல. காதை வச்சுப் பொழைக்கிறவன், தினம் ஏழு மணிக்கு அவ பேசறதுல இதைக் கேக்கல.

"இல்லம்மா"ன்னேன். அதுக்கு மேல பேச வரல. அவ எந்திரிச்சு ஹாலுக்குப் போயிட்டா. அப்புறம்தான் நான் இதை எடுத்துட்டு வந்து அடுப்படியில உக்காந்தேன். பேசத்தான் வரல, எழுத வருது.

ரெஜி, லூர்து தட்டினா. எனக்குக் கேட்டுச்சு. அஞ்சு தடவையும் கேட்டுச்சு. நான் முழிச்சிருந்தேன், எந்திரிக்கல. நீ பண்ணின ஏற்பாட்டுல ஒரு குறையும் இல்ல. உங்கம்மா அதன்படிதான் தட்டினா. உன் பேர்ல ஒரு குத்தமும் கிடையாது. ஊணிப் படிச்சுக்க.

மணி பதினொண்ணரை. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஹால்ல பேப்பரைப் பிரிச்சு வச்சிருக்கா, ஒரு பக்கம்கூடத் திருப்பல. ரயில் மூணு மணிக்கு. இந்த டைரியை இப்பக் கொண்டுபோய் அவ கையில குடுக்கப்போறேன். முதல் பக்கத்துல இருந்து படிக்கச் சொல்லணும். அவளையும் அங்கங்க கிண்டல் பண்ணி எழுதியிருக்கேன், பரவாயில்ல, படிக்கட்டும்.